இறுகிய அடிப்பூச்சு: மீட்கத் தக்கதும் கழிக்கத் தக்கதும்

இரும்பு வேலை நடைபெறும் பட்டறைகளிலும், பொதுப்பணிக் கிடங்குகளிலும், பள்ளிகள், மருத்துவமனைகள் முதலியவற்றின் பண்டக அறைகளிலும் பாதி தீர்ந்த பெயிண்டு டப்பாக்கள் சில மூலையில் கிடப்பதைக் காணலாம். அவற்றுள் பெரும்பாலானவை இரும்பின்மீது முதன்முதலாகப் பூசப்படும் செங்காவி நிற அடிப்பூச்சாகவே இருக்கும். தொழிலாளர் அதனை ரெட் ஆக்சைடு என்றும் பிரைமர் என்றும் வழங்குவர். ஓராண்டோ ஈராண்டோ கழித்து மூடியைத் திறந்தால் மேலே ஏடு படிந்திருக்கும். அடியில் மண்டி இறுகியிருக்கும். இடையில் உள்ளது குழம்பாகவோ கூழாகவோ காணப்படும். அப்பொழுது வழக்கமாக நடைபெறுவது ஒன்றே. ஒரு புட்டி தின்னர் வரவழைக்கப்படும். கைக்குக் கிடைத்த குச்சியால் டப்பா கலக்கப்படும். தூரிகை ஓடும் பதம் வந்தவுடன் அது ஏதேனும் ஒரு கம்பிக் கதவிலோ தண்ணீர்த் தொட்டியின் தாங்கியிலோ பூசப்படும். பொருள் வீணாகவில்லை என்ற மனநிறைவும் உண்டாகும்.

சிக்கனம் போற்றத் தக்கதே. ஆயினும், தூரிகை ஓடுவதால் மட்டும் ஓர் அடிப்பூச்சு உயிர் பெற்றுவிட்டதாகக் கொள்வது பெரும் பிழையாகும். தின்னர் என்பது டப்பாவை விட்டு ஆவியாகச் சென்றதைத் திருப்பித் தரும். டப்பாவினுள்ளேயே வேறொரு பொருளாக மாறியதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அதனால் இயலாது. இவ்வொரு வேறுபாட்டை அறிந்து நடப்பவர், பழைய டப்பாக்களுள் கணிசமானவற்றைக் காப்பாற்றுவர். அறியாது நடப்பவர் டப்பாவைக் காப்பாற்றி இரும்பை இழப்பர்.

இரும்புக்கு ஏன் அடிப்பூச்சு

டில்லியில் குதுப் மினார் அருகே நிற்கும் இரும்புத் தூண் சுமார் 1,600 ஆண்டுகளாகப் பெரிதும் துருப்பிடிக்காமல் நிற்பதைச் சுட்டி, இரும்பு தானே தன்னைக் காத்துக்கொள்ளும் எனச் சிலர் எண்ணுவதுண்டு. அத்தூணின் இரும்பில் பாஸ்பரஸ் மிகுதியாக உள்ளது. அதன் பயனாக மேற்பரப்பில் ஒரு காப்புப் படலம் உருவாகியுள்ளது என்பதைக் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் தம் ஆராய்ச்சிகளால் விளக்கினார். இக்காலத்தில் கதவுகளுக்கும் கூரைகளுக்கும் பாலங்களுக்கும் பயன்படும் சாதாரண எஃகுக்கு அத்தகைய பாக்கியம் இல்லை. நீரும் பிராணவாயுவும் சேர்ந்த இடத்தில் அது துருப்பிடிக்கும். காற்றில் கடலுப்பும் இருப்பின் துருப்பிடித்தல் மேலும் விரைவடையும்.

இந்நஷ்டம் சிறிதன்று. அரிமானம் பற்றிய பன்னாட்டு ஆய்வு ஒன்று 2016-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. உலகம் முழுவதிலும் அரிமானத்தால் ஆண்டுதோறும் நேரும் செலவு 2.5 இலட்சம் கோடி டாலர் எனவும், அது உலக நாடுகளின் மொத்த உற்பத்தி மதிப்பில் 3.4 சதவீதம் எனவும் அவ்வாய்வு மதிப்பிட்டது. ஏற்கனவே அறியப்பட்ட தடுப்பு முறைகளைச் செம்மையாகக் கையாண்டாலே இதில் 15 முதல் 35 சதவீதம் வரை மிச்சப்படும் என்பதும் அதன் முடிவு. இந்தியாவில் இத்துறைக்கெனவே உழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் 1948-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953-ஆம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பிறகு இந்நாடு முதன்முதலாக நிறுவிய ஆராய்ச்சி நிலையங்களுள் ஒன்று இத்துறையைச் சேர்ந்தது என்பதிலிருந்தே அதன் முக்கியத்துவம் விளங்கும்.

புதுமையான முறைகள் பல இருப்பினும், சாதாரண இரும்பு வேலைகளைக் காக்கும் முதல் அரண் அடிப்பூச்சே ஆகும். அது மூன்று பணிகளைச் செய்கின்றது: இரும்பை இறுகப் பற்றிக்கொள்கின்றது, நீரும் பிராணவாயுவும் உட்புகுவதைத் தடை செய்கின்றது, மேலே வரும் வர்ணத்துக்குப் பிடிப்பளிக்கின்றது. மேற்பூச்சில் குறை இருப்பின் கண்ணுக்குத் தெரியும்; அதனைத் திருத்தலாம். அடிப்பூச்சின் குறை மேற்பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்து, துரு தன் பருமனால் படலத்தைத் தூக்கும்போதுதான் வெளிப்படும். ஆகவேதான் பழைய டப்பாவைப் பற்றிய இச்சிறு கேள்வி ஆராயத் தக்கதாகின்றது.

டப்பாவில் உள்ளவை

அடிப்பூச்சில் நான்கு வகைப் பொருள்கள் உள்ளன. முதலாவது பிணைபொருள், ஆளிவிதை எண்ணெய், ஆல்கைடு பிசின், எப்பாக்சி பிசின் முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. இதுவே உலர்ந்து படலமாகின்றது. இரண்டாவது நிறமி, செந்நிற இரும்பு ஆக்சைடு, துத்தநாக பாஸ்பேட்டு போன்ற நுண்பொடிகள். மூன்றாவது கரைப்பான்; பிணைபொருளைத் தூரிகைக்கு ஏற்றபடி நீர்க்கச் செய்து, பூசியபின் ஆவியாகிச் செல்வது. நான்காவது, சிறிய அளவில் சேர்க்கப்படும் துணைப்பொருள்கள். கோபால்ட்டு உப்புகள் போன்ற உலர்த்திகளும், ஏடு படிவதைத் தடுப்பனவும் இதில் அடங்கும்.

தின்னர் என்பது இந்நான்கனுள் மூன்றாவதை மட்டுமே ஒத்தது. பிணைபொருளோ நிறமியோ உலர்த்தியோ அதில் இல்லை. எனவே டப்பாவில் குறைந்திருப்பது கரைப்பானா, அன்றிக் கெட்டுப்போனது பிணைபொருளா என்பதை முதலில் தீர்மானித்தல் அவசியம்.

இறுகுதலின் நால்வகை

முதல் வகை மண்டி படிதல். இரும்பு ஆக்சைடின் அடர்த்தி நீரைப்போல் சுமார் ஐந்து மடங்கு. துத்தநாகத் தூளின் அடர்த்தி ஏழு மடங்கு. பிசினும் கரைப்பானும் ஏறத்தாழ நீரளவே கனமுடையவை. எனவே பொடி கீழே இறங்குதல் இயல்பே. அது இறங்கும் வேகம் துகளின் குறுக்களவின் இருமடிக்கு ஏற்ப மிகும். திரவம் குழம்பாக இருப்பின் குறையும் என்பதை ஸ்டோக்ஸ் என்னும் விஞ்ஞானி 1851-ஆம் ஆண்டில் கணித்துக் காட்டினார். துகள் இருமடங்கு பெரிதாயின் நான்கு மடங்கு வேகத்தில் அடியை அடையும். இதில் ரசாயன மாற்றம் ஏதும் இல்லை. பொறுமையுடன் கலக்கினால் இவ்வடிப்பூச்சு முழுவதும் மீளும். பெரும்பாலும் தின்னரே தேவைப்படாது.

இரண்டாம் வகை கரைப்பான் ஆவியாதல். மூடி சரியாகப் பொருந்தாத டப்பாவில் இது நிகழும். திரவம் பாகு போலத் திரிந்திருக்கும். ஆயினும் ஒருசீராக இருக்கும். கோலால் எடுத்தால் நூல் போல ஒழுகும். தின்னர் பயன்படுவது முக்கியமாக இந்நிலையில்தான்.

மூன்றாம் வகை ஏடு படிதல். ஆளிவிதை எண்ணெயும் ஆல்கைடு பிசினும் காற்றிலுள்ள பிராணவாயுவைக் கவர்ந்து, தம் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துக்கொண்டு உலர்வன. இரும்பின்மீது நிகழவேண்டிய இச்செயல் டப்பாவின் மேற்பரப்பிலேயே நிகழ்ந்தால் ஏடு உண்டாகின்றது. ஏட்டை எடுத்தெறிந்தபின் கீழே உள்ளது நல்ல நிலையில் இருக்கக்கூடும். ஆனால் ஏடாகச் சென்றது பிணைபொருளே ஆதலால், எஞ்சியதில் நிறமியின் விகிதம் மிகுந்துவிடும். நிறமி ஓர் எல்லைக்கு மேற்பட்டால் துகள்களின் இடைவெளியை நிரப்பப் பிசின் போதாமல் படலம் நுண்துளை உடையதாகிவிடும். மெல்லிய ஏடு பெருங்கேடு விளைப்பதில்லை. விரற்கடை அளவு ஏடு படிந்த டப்பாவை ஐயத்துடனேயே நோக்கவேண்டும்.

நான்காம் வகை முழுமையும் கட்டிப்படுதல். இதில் பிசின் மூலக்கூறுகள் டப்பா முழுவதிலும் வலைபோலப் பின்னிக்கொண்டிருக்கும். அழுத்தினால் நுங்கைப்போல் துவளும், வெட்டினால் துண்டாகும், தின்னர் வார்த்தால் ஊறிப் பெருக்குமேயன்றிக் கரையாது. பலமாகக் கலக்கினால் சிறுசிறு துணுக்குகளாக உடைந்து, கரைந்துவிட்டது போன்ற தோற்றத்தைத் தரும். இத்தோற்றத்தில்தான் பலரும் ஏமாறுகின்றனர்.

வெல்லப்பாகு காய்ந்து கட்டியானாலும் நீர் வார்த்தால் மீண்டும் பாகாகும். பால் உறைந்து தயிரான பின் நீர் வார்த்தால் மோர் கிடைக்குமேயன்றிப் பால் கிடைக்காது. முதலிரண்டு வகைகளும் வெல்லத்தைப் போன்றவை. நான்காம் வகை தயிரைப் போன்றது. மூன்றாவது, மேலே தயிராகிக் கீழே பாலாக நிற்பது எனக் கூறலாம்.

எதற்கு எந்தத் தின்னர்

தின்னர் என்ற ஒரே பெயரில் பல திரவங்கள் விற்கப்படுகின்றன. கரைப்பானுக்கும் பிசினுக்கும் இயல்பில் ஒற்றுமை இருந்தாலன்றிக் கரைதல் நிகழாது. இவ்வொற்றுமையை எண்களால் அளக்கும் முறையை ஹில்டபிராண்டு தொடங்கி வைத்தார். ஹான்சன் 1967-ஆம் ஆண்டில் அதனை மூன்று கூறுகளாக விரிவுபடுத்தினார். பட்டறைக்கு அக்கணக்கு வேண்டுவதில்லை. அதன் பயன் மட்டும் போதும்.

ஆல்கைடு அல்லது எண்ணெய் வகை அடிப்பூச்சுக்கு மினரல் டர்பன்டைன் ஏற்றது. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் இத்திரவம் ஏறத்தாழ 150 முதல் 200 பாகை சென்டிகிரேடு வரையிலான உஷ்ணத்தில் கொதிப்பதால், தூரிகைத் தடம் சமமாகப் பரவுவதற்குப் போதிய நேரம் தந்து, பிறகு முழுவதும் வெளியேறுகின்றது. நைட்ரோசெல்லுலோஸ் வகைக்கு டொலுவின், பியூட்டைல் அசிட்டேட்டு முதலியன கலந்த என்.சி. தின்னர் வேண்டும், அவ்வகையில் டர்பன்டைனை வார்த்தால் பிசின் திரிந்து பிரிந்துவிடும். அதற்கு மாறாக, என்.சி. தின்னரை ஆல்கைடில் வார்த்தால் டப்பாவில் குறை தெரியாது. பூசும்போதுதான் அதிவேகமாக உலர்ந்து தூரிகைக் கோடுகளைத் தரும். கீழே பழைய பூச்சு இருப்பின் அதனையும் சுருட்டித் தூக்கிவிடும்.

நைட்ரோசெல்லுலோஸ், குளோரினேற்றிய ரப்பர் ஆகிய வகைகள் கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே உலர்பவை. எனவே அவை கல்லாக இறுகியிருந்தாலும் உரிய கரைப்பானில் மீண்டும் கரையும். எப்பாக்சி வகை இதற்கு நேர்மாறானது. பிசினும் கடினமாக்கியும் தனித்தனி டப்பாக்களில் வரும். கலந்தவுடன் ரசாயனச் செயல் தொடங்கிவிடும். சில மணி நேரத்திற்குள் அதனைப் பூசி முடித்தாக வேண்டும். நேரம் கடந்து தடிப்பேறிய கலவையில் தின்னர் வார்த்தால் அது இளகும். ஆனால் உள்ளே நடைபெறும் செயல் நிற்பதில்லை. அவ்வாறு இளக்கிப் பூசியது இரும்பைப் பற்றாமல் பின்னர்ச் செதில் செதிலாக உரியும். கலக்கப்படாத எப்பாக்சிப் பிசின் குளிரினால் மணல்போல் உறைந்திருப்பின், டப்பாவைச் சுடுநீரில் வைத்தாலே அது தெளிந்துவிடும். அதற்குத் தின்னர் வேண்டுவதில்லை. எத்தில் சிலிக்கேட்டுத் துத்தநாக அடிப்பூச்சு காற்றின் ஈரத்தால் இறுகுவது. அதன் திரவம் கூழாகிவிட்டால் மீட்பு இல்லை.

மண்ணெண்ணெயும் பெட்ரோலும் மலிவாகவோ எளிதாகவோ கிடைப்பதால் தின்னருக்குப் பதிலாக வார்க்கப்படுவதுண்டு. இவ்விரண்டும் தவிர்க்கத் தக்கவை. மண்ணெண்ணெயின் ஒரு பகுதி மெதுவாகவே ஆவியாகும். படலத்தில் நெடுநேரம் தங்கி உலர்தலையும் மேற்பூச்சின் பிடிப்பையும் கெடுக்கும். பெட்ரோல் மிக விரைவில் ஆவியாவதால் பூசிய பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மீது படியும். அதன் ஆவி எவ்வளவு எளிதில் தீப்பற்றும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதில் புற்றுநோய் விளைக்கும் பென்சீனும் ஓரளவு கலந்துள்ளது.

மீட்கும் முறை

மீட்கத் தக்கது எனத் தோன்றும் டப்பாவை ஒழுங்கான முறையில் கையாளவேண்டும். முதலில் ஏட்டைக் கத்தியால் விளிம்பு சுற்றி வெட்டி, உடையாமல் முழுதாக எடுத்தல் நலம். உடைந்த துணுக்குகள் பின்னர்ப் பூச்சில் முடிச்சுகளாகத் தோன்றும். அடுத்து, மேலே தெளிந்து நிற்கும் திரவத்தைத் தூய பாத்திரம் ஒன்றில் வடித்துக்கொண்டு, அடியிலுள்ள மண்டியைத் தட்டையான கட்டையால் அழுத்திக் குழைக்கவேண்டும். உருண்டைக் குச்சி மண்டியில் குழி செய்யுமேயன்றி அதனைக் கிளப்பாது. மண்டி களிம்பு போலக் குழைந்தபின் வடித்த திரவத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, இரு பாத்திரங்களுக்கிடையே மாற்றி மாற்றி ஊற்றினால் கலவை சீராகும்.

இதன்பின்னும் தடிப்பு எஞ்சினால்தான் தின்னர் சேர்க்கவேண்டும். அதுவும் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேற்படாமல், ஒவ்வொரு தடவையும் நன்கு கலக்கிப் பதம் பார்த்தல் வேண்டும். ஒரேயடியாக வார்த்தால் பிசின் நிறமியை விட்டுப் பிரியக்கூடும். ஆய்வுக்கூடங்களில் அடியில் துளையுடைய கிண்ணத்திலிருந்து திரவம் ஒழுகும் நொடிகளை எண்ணி இப்பதத்தை அளப்பர். பட்டறையிலும் அத்தகைய கிண்ணம் ஒன்றை வைத்திருப்பது பெருஞ்செலவன்று. முடிவில் மெல்லிய துணியாலோ நைலான் வலையாலோ வடிகட்டவேண்டும். வலையில் நுங்கு போன்ற துணுக்குகள் மிகுதியாகத் தங்கினால், டப்பா நான்காம் வகையைச் சேர்ந்தது என்பது தெளிவு. அத்துடன் முயற்சியைக் கைவிடுவதே அறிவுடைமை.

வடிகட்டியபின் நேரே வேலையில் இறங்குதல் கூடாது. துருவும் எண்ணெயும் நீக்கிய சிறு தகடு ஒன்றில் பூசி ஓரிரு நாள் விட்டுவைக்கவேண்டும். பழைய ஆல்கைடு பூச்சுகளில் உலர்த்தி உப்புகள் நாளடைவில் நிறமித் துகள்களின்மீது ஒட்டிச் செயலிழந்துவிடுவது உண்டு. அத்தகைய பூச்சு பார்வைக்குக் குறையற்றிருந்தும் நாட்கணக்கில் பிசுபிசுக்கும். தகட்டில் உலர்ந்த படலத்தைக் கூரிய கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி இழுத்துப் பார்க்கவேண்டும். படலம் நாடாவோடு வந்துவிட்டால் அந்த டப்பா இரும்புக்கு உதவாது.

நீர்த்த பூச்சின் கணக்கு

பூசுவதற்கு எளிதாகிறது என்பதற்காகத் தின்னரை மிகுதியாக வார்ப்போர் ஒரு சிறு கணக்கை நோக்குவாராக. கன அளவில் நூற்றுக்கு 40 பங்கு திடப்பொருள் உள்ள அடிப்பூச்சு 100 மைக்ரான் தடிப்பில் ஈரமாகப் பூசப்பட்டால், உலர்ந்தபின் 40 மைக்ரான் எஞ்சும். அதே அடிப்பூச்சு நூறு பங்கோடு 25 பங்கு தின்னர் சேர்ந்தால் எஞ்சுவது 32 மைக்ரான். நூறு பங்கோடு நூறு பங்கு சேர்ந்தால் 20 மைக்ரான். நீர்த்த பூச்சு செங்குத்தான பரப்பில் வழிந்தோடுவதால் உண்மையில் இதனினும் குறைவாகவே நிற்கும். மணல் வீச்சினால் தூய்மை செய்த எஃகின் பரப்பில் உள்ள நுண்மேடுகளே 50 மைக்ரான் உயரம் இருக்கக்கூடும். அம்மேடுகளின் முகட்டைப் பூச்சு மூடாத இடத்தில் துரு தொடங்குகின்றது. நிறம் எங்கும் சிவப்பாகத் தோன்றுவதால் கண் இதனை உணர்வதில்லை.

சிக்கனம் என்னும் வாதம்

இவ்வளவு சோதனை எதற்கு, பழையதை எறிந்துவிட்டுப் புதியது வாங்குக என்று கூறுவோர் உளர். அது முற்றிலும் சரியன்று. மண்டி படிந்ததையும் வெறுமனே தடித்துப்போனதையும் எறிவது பொருளை வீணாக்குவதோடு, மண்ணுக்கும் நீருக்கும் கேடு செய்வதுமாகும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளில் பெயிண்டு டப்பாக்கள் வீட்டு அபாயக் கழிவுகளுள் வைத்து எண்ணப்பட்டன. சாக்கடையில் கவிழ்க்கத் தக்க பொருள் அன்று அது.

எதிர்ப்புறத்தில், எந்த டப்பாவையும் விடக்கூடாது என்போர் கூறும் சிக்கனமும் முழுக் கணக்கு அன்று. இரும்பைச் சுரண்டித் துரு நீக்குதல், சாரம் கட்டுதல், ஆட்கூலி, மேற்பூச்சு ஆகிய யாவும் சேர்ந்ததே பூச்சு வேலையின் செலவு. அடிப்பூச்சின் விலை அதில் ஒரு பங்கே. அப்பங்கில் சிறிது மிச்சம் பிடித்து, படலம் உரிந்தபின் எல்லாச் செலவையும் மறுபடி செய்வது சிக்கனம் ஆகாது. ஆகவே விதி எளியது: மாற்றமின்றிப் பிரிந்ததையும் தடித்ததையும் மீட்க, மாறியதைக் கழிக்க, ஐயத்துக்கிடமானதைத் தண்ணீர்த் தொட்டிக்கும் படிக்கட்டுக்கும் கூரைத் தாங்கிக்கும் பூசாது, தவறினால் கேடில்லாத சிறு வேலைகளுக்கு ஒதுக்குக.

மீட்கவே கூடாதவை

சில டப்பாக்கள் நல்ல நிலையில் இருப்பினும் தொடத் தகாதவை. ரெட் லெட் எனப்படும் சிவப்பு ஈயம் ஒருகாலத்தில் இரும்புக்கு மிகச் சிறந்த அடிப்பூச்சாகக் கருதப்பட்டது. ஆளிவிதை எண்ணெயில் அதனைக் குழைத்து வைத்தால், அதில் கலந்துள்ள ஈய மோனாக்சைடு எண்ணெயின் அமிலங்களோடு சேர்ந்து ஈயச் சோப்பாக மாறி, டப்பாவிலேயே இறுகிவிடும். அக்காலத்துப் பொறியாளர் தின்னரால் அதனை மீட்க முயலவில்லை; வேலை நடக்கும் இடத்திலேயே அன்றன்று வேண்டிய அளவு குழைத்துக்கொண்டனர். பின்னர் ஈய மோனாக்சைடு மிகக் குறைந்த சிவப்பு ஈயம் தயாரிக்கப்பட்டது. இந்தியத் தர நிர்ணயங்களுள் 102-ஆம் எண் கொண்டது, இறுகாத வகைச் சிவப்பு ஈய அடிப்பூச்சுக்கெனவே வகுக்கப்பட்டதாகும். இறுகுதல் ரசாயனத்தால் நேர்வதாயின் பரிகாரமும் அங்கேதான் உள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இன்றோ ஈயம் நரம்புகளையும், சிறப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் கெடுக்கும் நஞ்சு என்பது ஐயமற நிறுவப்பட்டுள்ளது. 2016-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் விதிகள், வீட்டு வர்ணங்களிலும் அலங்கார வர்ணங்களிலும் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்று வரையறுத்தன. தொழிற்சாலைப் பூச்சுகள் அவ்விதிகளுக்குள் அடங்கவில்லை. துத்தநாகக் குரோமேட்டு கலந்த பழைய அடிப்பூச்சுகளில் உள்ள குரோமியமும் புற்றுநோய்க்குக் காரணமாவது. ஆண்டு தெரியாத, பெயர்ச்சீட்டு அழிந்த பழைய டப்பாவைக் கிளறுவோர் இந்நஞ்சுகளைக் கையாலும் மூச்சாலும் ஏற்க நேரும். அத்தகையவற்றை மூடியபடியே அபாயக் கழிவாக ஒப்படைத்தல் கடமையாகும்.

கலக்குபவரின் நலம்

இவ்வேலையைச் செய்பவர் பெரும்பாலும் பட்டறையில் வயதிற் குறைந்த உதவியாளராகவே இருப்பர். மூடிய அறையில் குனிந்து நின்று தின்னர் வார்த்துக் கலக்குபவரின் முகம் ஆவி மிகச் செறிந்த இடத்தில் உள்ளது. தலைசுற்றலையும் தலைவலியையும் தொழிலின் இயல்பென்று விட்டுவிடுதல் முறையன்று. திறந்த வெளியில் வேலை செய்தல், கையுறை அணிதல், அருகில் பற்றவைப்பு வேலையும் புகைபிடித்தலும் இல்லாதிருத்தல் ஆகியவை இன்றியமையாதன. கையில் ஒட்டிய பூச்சைத் தின்னரால் கழுவும் பழக்கமும் ஒழியவேண்டும். சமையல் எண்ணெயும் சோப்பும் அதற்குப் போதும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவியலாக வைத்தால், பிராணவாயுவைக் கவரும்போது வெளிப்படும் வெப்பம் உள்ளேயே தேங்கித் தானே தீப்பற்றக்கூடும். அவற்றை நீரில் நனைத்தோ விரித்து உலர்த்தியோ அகற்றவேண்டும். டப்பாவைத் தீயின்மேல் வைத்து இளக்குதல் எக்காரணத்தாலும் கூடாது.

செய்யத் தக்கன

இறுகியபின் மீட்பதினும் இறுகாமல் காப்பதே எளிது. வேண்டிய அளவை வேறு பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு, டப்பாவை உடனே மூடவேண்டும். விளிம்புப் பள்ளத்தில் தங்கிய பூச்சைத் துடைத்துவிட்டு, மூடியின்மேல் பலகை வைத்துச் சுற்றிலும் தட்டினால் காற்று புகாது. பாதி தீர்ந்ததைச் சிறிய டப்பாவிற்கு மாற்றினால் உள்ளே தங்கும் காற்று குறையும், ஏடும் குறையும். வெயிலும் சூடும் படாத இடத்தில், வாங்கிய தேதியும் திறந்த தேதியும் எழுதி வைக்கவேண்டும். பழையது முதலில் செலவாகவேண்டும்.

பொறுப்பு உபயோகிப்பவரிடம் மட்டும் இல்லை. ஆண்டு முடிவில் ஒதுக்கீட்டைச் செலவிடுவதற்காக மொத்தமாக வாங்கிக் குவிக்கும் அலுவலகங்கள், வேலைக்கேற்றபடி சிறு டப்பாக்களாக வாங்கும் வழக்கத்தை மேற்கொள்ளலாம். உற்பத்தியாளர் ஒவ்வொரு டப்பாவின்மீதும் பிசின் எவ்வகை, ஏற்ற தின்னர் எது, அது எவ்வளவு வரை சேர்க்கத் தக்கது, எத்தனை மாதம் நிற்கும் என்னும் நான்கு விவரங்களைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில், வட்டார மொழிகளில் அச்சிடவேண்டும். தூரிகை பிடிப்பவர் படிக்க முடியாத மொழியில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கத் தக்க எழுத்தில் உள்ள எச்சரிக்கை எவருக்கும் பயன்படாது. தொழிற்பயிற்சி நிலையங்களில் பற்றவைப்பும் கடைசலும் கற்பிக்கும் அளவுக்குப் பூச்சு பற்றிய அறிவும் கற்பிக்கப்பட வேண்டும்.

அடிப்பூச்சு விலையேறிய பொருளன்று. அது காக்கும் இரும்போ சுரங்கத் தொழிலாளியின் உழைப்பாலும் உலையின் நெருப்பாலும் கிடைப்பது. ஒரு டப்பாவைத் திறக்கும்போது, போனது எது, மாறியது எது என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம் ஒவ்வொரு பட்டறையிலும் வேரூன்றுமாயின், பொருளும் மிஞ்சும், இரும்பும் நிலைக்கும், அதனைப் பூசும் கையும் நலமுற்றிருக்கும்.